மோட்டார் சைக்கிளில் பாட்டு: ஒரு பேட்டரியின் வரலாறு

தொழிற்சாலையிலிருந்து பாட்டுக்கருவி இல்லாமல் வெளிவந்த மோட்டார் சைக்கிளுக்கு, உரிமையாளரே கடையில் ஸ்டீரியோவும் ஸ்பீக்கரும் வாங்கி, அவற்றை முன்பக்க உறையான ஃபேரிங்குக்குள் பொருத்தி, வண்டியின் பேட்டரியோடு இணைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் 2000களில் பரவியது. காருக்கான வானொலி 1930இலேயே சந்தையில் இருந்தது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உள்ளன. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்குப் பாட்டு கேட்க ஆசை இல்லாததால் இந்த இடைவெளி வரவில்லை. விலையும் முழுக் காரணம் அன்று. அவருடைய வண்டியில் பாட்டுக்கென்று ஒதுக்க மின்சாரம் இல்லை என்பதே முதன்மைக் காரணம். இந்த வரலாற்றைப் பேட்டரியின் பக்கத்திலிருந்து படித்தால்தான் அது விளங்கும்.

இதைச் சொல்ல மறைமலைநகர் பொருத்தமான இடம். 1980களில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி உருவாக்கிய இந்தத் துணை நகரில் 1999இல் ஃபோர்டு கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்துள்ள சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து பிரியும் சாலையில் சென்றால் ஒரகடம். அங்கே 2013 முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவாகின்றன. பாட்டோடு வெளிவரும் காரும் பாட்டில்லாமல் வெளிவரும் பைக்கும் ஒரே வட்டாரத்தில் பிறந்தவை. 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊரில், பைக் மெக்கானிக் கடைகளின் மொழி முழுக்க 'செட்டு', 'ஒயரிங்', 'எர்த்து', 'பியூசு' என்றே இருப்பது ஒரு வேடிக்கை. இக்கட்டுரையும் அந்தச் சொற்களையே பயன்படுத்துகிறது. வண்டியைக் கழற்றும் ஒருவருக்கு அவைதான் கைகொடுக்கும்.

காரிலும் முதலில் வெளியார் வேலைதான்

சிகாகோவில் கால்வின் சகோதரர்களின் நிறுவனம் 1930இல் 5டி71 என்ற கார் வானொலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மோட்டார் என்ற சொல்லோடு அக்காலத்து இசைக்கருவிப் பெயர்களின் விகுதியைச் சேர்த்து 'மோட்டரோலா' என்று பெயரிட்டார்கள். பின்னர் நிறுவனத்தின் பெயரும் அதுவே ஆயிற்று. அந்தக் கருவியைக் கார் தயாரித்தவர்கள் பொருத்தித் தரவில்லை. வாங்கியவர் தனிக் கடைக்குப் போக வேண்டும். அங்கே தரைப்பலகையைத் துளைத்து, கூரைக்குள் ஏரியல் கம்பி இழுத்து, வானொலிக்கென்றே தனி பேட்டரிகளைப் பொருத்துவார்கள். அன்றைய வால்வு வானொலிக்கு நூறு வோல்ட்டை ஒட்டிய அழுத்தம் தேவை. காரிலோ 6 வோல்ட்தான் இருந்தது. கடன் கேட்கப்போன கால்வின், வங்கிக்காரரின் காரில் வானொலியைப் பொருத்திக் காட்டியதாகவும், அரை மணி நேரத்தில் அந்தக் கார் தீப்பற்றியதாகவும் ஒரு கதை சொல்வதுண்டு. கதை உண்மையோ இல்லையோ, அதன் உள்ளடக்கம் இன்றைக்கும் பொருந்தும். பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் ஒரு கம்பியை இழுப்பவர் எவரும் அந்த வங்கிக்காரரின் நிலையில்தான் இருக்கிறார்.

1930களிலேயே 6 வோல்ட்டை உயர் அழுத்தமாக மாற்றும் அதிர்வி வந்து தனி பேட்டரிகளை நீக்கியது. 1950களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறின. அதே காலத்தில், 1955இல், கிரைஸ்லர் நிறுவனம் முழு டிரான்சிஸ்டர் கார் வானொலியை அறிவித்தது. வால்வு போனதும் மின்தேவை சரிந்தது. 1965இல் ஃபோர்டு தன் 1966ஆம் ஆண்டு மாடல்களில் எட்டுத்தட ஒலிநாடாக் கருவியைக் கொடுத்தபோது, கார் நடமாடும் பாட்டுப்பெட்டியாகியிருந்தது. விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் கேட்கும் வசதி அதோடு தொடங்கியது.

6 வோல்ட் புல்லட்டும் இலங்கை வானொலியும்

சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவியது. திருவொற்றியூரில் புல்லட் உருவாயிற்று. புல்லட்டும், மைசூரில் உருவான ஜாவாவும் எஸ்டியும் நெடுங்காலம் 6 வோல்ட்டில் ஓடிய வண்டிகள். அவற்றின் விளக்கு எஞ்சின் வேகம் குறைந்தால் மங்கும்; ஹார்ன் முனகும். இப்படிப்பட்ட வண்டியிடம் பாட்டு கேட்பது பட்டினி கிடப்பவரிடம் கடன் கேட்பது போலத்தான்.

ஓர் எளிய கணக்கு இதைக் காட்டும். இரு முனையிலும் ஒலிபெருக்கம் செய்யும் இன்றைய வகைச் சுற்றை 4 ஓம் ஸ்பீக்கரில் இணைத்தால், சிதைவில்லாமல் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை 8ஆல் வகுத்தால் வரும் எண். 6 வோல்ட்டுக்கு அது 4.5 வாட். எஞ்சின் ஓடும்போது 14.4 வோல்ட் கிடைக்கும் வண்டியில் 26 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. மின்னழுத்தம் இரு மடங்கைச் சற்றே தாண்டினாலும் திறன் ஏறத்தாழ ஆறு மடங்கு ஆகிறது. ஸ்டீரியோ பெட்டியின் மேல் '4×50 வாட்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதும் இந்தக் கணக்கை நினைவில் கொள்ளலாம். 12 வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும் தனிச் சுற்று உள்ளே இல்லாவிட்டால் அந்த 50 வெறும் விளம்பர எண்.

மின்சாரம் கிடைத்திருந்தாலும் அன்றைக்கு வேறொரு தடை இருந்தது. மத்திய அலை வானொலியில் ஒலி, அலையின் உயரத்தில் ஏற்றப்படுகிறது. எஞ்சினின் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி விடும்போதும் காற்றில் ஒரு மின் அதிர்ச்சி பரவுகிறது. வானொலி அதையும் ஒலியாகவே எடுத்துக்கொள்ளும். காரில் எஞ்சினை இரும்புப் பெட்டி மூடியிருக்கும். மோட்டார் சைக்கிளிலோ பிளக் ஓட்டுபவரின் முழங்காலுக்கு அருகில் திறந்து கிடக்கிறது. விவிதபாரதியும் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் டீக்கடை தோறும் ஒலித்த ஆண்டுகளில், ஓடும் மோட்டார் சைக்கிளில் அவற்றைப் பிடித்தால் எஞ்சினின் 'டப டப'தான் பெரிதாகக் கேட்கும். வானொலி வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமம் வாங்க வேண்டிய காலமும் அதுவே. அந்த உரிமமுறை 1980களின் நடுவில்தான் ஒழிந்தது. வெளிநாட்டு டேப் ரெக்கார்டர் வேண்டுமென்றால் சென்னைத் துறைமுகத்தின் அருகே பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் நடத்திய பர்மா பஜார்தான் புகலிடம்.

இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23இல் சென்னையில் தொடங்கியது. பண்பலையில் ஒலி, அலையின் அதிர்வெண்ணில் ஏறுவதால் பொறியின் இரைச்சல் பெரும்பாலும் வடிகட்டப்படுகிறது. ஆனால் பல ஆண்டுகளுக்கு அதைக் கேட்கும் கருவி சிலரிடமே இருந்தது. 2003இல் தனியார் பண்பலை நிலையங்கள் சென்னைக்கு வந்தபின்தான் எஃப்.எம். கடைக்கும் ஆட்டோவுக்கும் வந்து சேர்ந்தது.

கேசட் ஏன் பைக்கில் ஏறவில்லை

1980களிலும் 90களிலும் ஜி.எஸ்.டி. சாலையில் கேசட் இல்லாத வண்டியைத் தேட வேண்டியிருந்தது. தனியார் பேருந்து, வேன், லாரி, ஆட்டோ எல்லாவற்றிலும் செட்டு இருந்தது. பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்கும் கடைகள் சிற்றூர்களிலும் இருந்தன. கார் செட்டின் அளவும் இக்காலத்தில் நிலைபெற்றது: ஜெர்மன் தரநிலையிலிருந்து வந்த, ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட திறப்பு. எந்த நிறுவனத்தின் செட்டையும் எந்தக் காரிலும் மாட்டலாம் என்ற சுதந்திரம் இந்த ஒரு அளவால் வந்தது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் செட்டு மாற்றும் தொழில் செழித்ததற்கு அந்தச் செவ்வகத் திறப்புக்குப் பெரும் பங்குண்டு.

மோட்டார் சைக்கிளில் அந்தத் திறப்பு இல்லை. இருந்திருந்தாலும் கேசட் பயன்பட்டிருக்காது. சிறு மோட்டார் ஒன்று நாடாவை நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற ஒரே சீரான வேகத்தில் இழுக்க வேண்டும்; ஒற்றை சிலிண்டர் எஞ்சின் உதறும் உதறலில் அந்த வேகம் நிலைக்காது, பாட்டு அலைபாயும். குறுந்தகட்டுக்கு நிலைமை இன்னும் மோசம். பாட்டு, அசையும் பாகம் இல்லாத ஒரு நினைவகத்துக்குள் அடங்கும் வரை பைக் காத்திருக்க வேண்டியிருந்தது. எம்.பி.3 கோப்பும் பென் டிரைவும் மலிவான 2000களின் பிற்பகுதியில்தான் அது நடந்தது.

உலகில் வேறு இடங்களில் இது முன்பே நடந்திருந்தது. காரணம் மறுபடியும் மின்சாரமும் இடமும்தான். ஹார்லி டேவிட்சன் 1969இல் தன் எலெக்ட்ரா கிளைடு வண்டிக்கு, பின்னாளில் வௌவால் சிறகு என்று பெயர்பெற்ற பெரிய ஃபேரிங்கைக் கொடுத்தது. ஹோண்டாவின் 1980ஆம் ஆண்டு ஜிஎல்1100 இன்டர்ஸ்டேட்டில் ஃபேரிங் தொழிற்சாலையிலேயே வந்தது. ஸ்டீரியோவை விருப்பத்தேர்வாக வாங்கலாம். அவை ஆயிரம் சி.சி.யைத் தாண்டிய வண்டிகள். கார் அளவுக்கு ஆல்டர்னேட்டர் வைக்க அவற்றில் இடமுண்டு.

இரண்டரை ஆம்பியர்-மணி

இந்தியாவில் பெருவாரியாக விற்றது 100 சி.சி. வண்டி. 1994இல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரை எடுத்துக்கொள்வோம். அதில் 12 வோல்ட் இருந்தது. ஆனால் பேட்டரி வெறும் 2.5 ஆம்பியர்-மணி. முகப்பு விளக்கு பேட்டரியைத் தொடவே தொடாது. எஞ்சினின் மேக்னெட் காயிலிலிருந்து மாறுமின்சாரமாக நேரடியாக எரியும். ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு ஆகியவற்றுக்கு மட்டுமே பேட்டரி. ஒரு வீட்டில் விருந்தினர் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு அரிசி வாங்கியது போல அமைந்த மின்சுற்று அது.

இந்த வீட்டுக்குத்தான் ஸ்டீரியோ விருந்தாளியாக வந்தது. சராசரியாக 10 வாட் ஒலி கொடுக்கும் பழைய வகை ஒலிபெருக்கி, பாதியை வெப்பமாக வீணாக்கி 20 வாட் கேட்கும். அதாவது ஒன்றரை ஆம்பியருக்கும் மேல். சிக்னலில் எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது சார்ஜிங் அதற்கு ஈடுகொடுக்காது. இதைவிட நயவஞ்சகமானது, வண்டி நிற்கும்போது நடக்கும் கசிவு. கார் செட்டுகளில் மஞ்சள் கம்பி, கடிகாரத்தையும் நினைவகத்தையும் காக்க எப்போதும் பேட்டரியோடு இணைந்திருக்கும், சிவப்பு, சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும், கறுப்பு எர்த். மஞ்சளில் 10 மில்லி ஆம்பியர் மட்டுமே கசிந்தாலும் நாளொன்றுக்கு 0.24 ஆம்பியர்-மணி போய்விடும். கார் பேட்டரிக்கு அது கொசுக்கடி. 2.5 ஆம்பியர்-மணி பேட்டரிக்குப் பத்து நாளில் உயிர் போய்விடும். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ஹார்ன்கூட அடிக்காது. அனுபவமுள்ளவர்கள் பைக்கில் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்துச் சாவிக்குப் பின்னாலேயே கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் நிலையத்தைத் தேட வேண்டியிருக்கும். ஆனால் பேட்டரி பிழைக்கும்.

சென்னை ரிச்சி தெருவில் மலிவு விலையில் கிடைத்த டி வகை ஒலிபெருக்கி அட்டைகள் நிலைமையை மாற்றின. இவை எடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை ஒலிக்குக் கொடுத்துவிடும். கைவிரல் அளவு அட்டை, அதைவிடச் சிறிய எம்.பி.3 பலகை, இரண்டு ஸ்பீக்கர். செட்டின் செவ்வகப் பெட்டியே தேவையில்லாமல் போயிற்று. அதே ஆண்டுகளில் ஃபேரிங் வைத்த வண்டிகளும் வந்தன: 2003இல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா, 2008இல் யமாஹா ஆர்15. ஃபேரிங்கின் உட்புறம், விளக்குக்கும் மீட்டருக்கும் பின்னால், ஸ்பீக்கருக்கென்றே விட்டதுபோல வெற்றிடம் இருந்தது. ஃபேரிங் இல்லாத வண்டியில் முகப்பு விளக்கின் டூமைக் கழற்றிக் கம்பியைச் செருகினார்கள். ஸ்கூட்டரில் முன் ஏப்ரன்.

ஒயரிங் என்ற கைவேலை

இந்த வேலையை நன்றாகச் செய்தவர்கள் கற்றுக்கொண்டது பெரும்பாலும் கெட்டுப்போன வண்டிகளிடமிருந்துதான். பியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் இருக்க வேண்டும். ஸ்டீரியோவின் அருகே வைத்தால், இடையிலுள்ள கம்பி எங்காவது சேசிஸில் உரசி மேலுறை தேய்ந்தால் அதைக் காக்க எதுவும் இல்லை. பியூஸ் காப்பது கம்பியைத்தான், கருவியை அன்று. ஹார்ன் கம்பியிலிருந்து மின்சாரம் திருடுவது எளிது என்பதால் பலரும் அதைச் செய்தார்கள்; ஹார்ன் அடிக்கும்போதெல்லாம் பாட்டு நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும். முறையான வழி, சாவிக் கம்பியால் ஒரு ரிலேயை இயக்கி, ஸ்டீரியோவின் மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்தே நேராக எடுப்பது. எர்த்தையும் சேசிஸில் முடியாமல் பேட்டரியின் எதிர்முனைக்கே கொண்டுபோனால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஙொய்' என்ற சார்ஜிங் இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பிறகு ஹேண்டில். காரின் டாஷ்போர்டு அசையாது. பைக்கின் முன்பகுதி ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பியை இழுத்துச் சுருக்குகிறது. இருபுறமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, அதன்பின் கம்பியைக் கட்டாதவர் ஆறு மாதத்தில் அறுந்த செம்பைப் பார்ப்பார். அதற்குள் அறுந்தால் நல்லது. அறுவதற்குமுன் ஹேண்டிலைத் திருப்பவிடாமல் மடக்கிப் பிடித்தால் விழுவது பாட்டு மட்டுமல்ல, ஆளும்தான்.

செங்கல்பட்டு வட்டாரத்துக்கே உரிய எதிரிகள் இரண்டு. வடகிழக்குப் பருவமழை ஒன்று. மற்றது, மாமல்லபுரம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீசும் உப்புக்காற்று. முறுக்கி டேப் சுற்றிய இணைப்புக்குள் உப்பு ஈரம் புகுந்தால் செம்பு பச்சை பூத்துவிடும். பூத்த இடத்தில் மின்தடை ஏறும், சூடாகும். உள்நாட்டில் ஐந்தாண்டு தாங்கும் இணைப்பு கடற்கரையில் அவ்வளவு நாள் தாங்காது. கிரிம்ப் செய்து சுருங்கு குழாய் மாட்டுவது அங்கே ஆடம்பரம் அன்று, கட்டாயம்.

2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்ற விதி வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்து, கார்புரேட்டர் போய் எரிபொருள் செலுத்தும் அமைப்பும் அதற்கொரு கணினியும் பரவலாயின. முன்பு பேட்டரி செத்தால் கிக்கர் இருந்தது. இப்போது பல வண்டிகளில் கிக்கர் இல்லை; பேட்டரி செத்தால் எரிபொருள் பம்பும் ஓடாது. தவறான கம்பியை வெட்டினால் முன்பு ஒரு பல்பு போகும். இப்போது கணினிப் பெட்டியே போகலாம், அதோடு உத்தரவாதமும். ஒயரிங் கிட்டில் கைவைக்கத் தயங்கும் மெக்கானிக்குகளைக் குறைசொல்ல முடியாது.

காற்று வென்றது

ஃபேரிங் ஸ்டீரியோவுக்கு முடிவு கட்டியது இவை எதுவும் அன்று. காற்றுதான். நெடுஞ்சாலை வேகத்தில் தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சலே 90 டெசிபலைத் தாண்டிவிடும். அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமென்றால் ஸ்பீக்கர் அதைவிட உரக்க ஒலிக்க வேண்டும். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் மின்திறன் இரட்டிப்பாக வேண்டும். 10 வாட்டை 20 ஆக்கினால் காதுக்குச் சற்றே கூடியதாகத்தான் தெரியும்; பேட்டரிக்கு முழு இரட்டிப்பாகத் தெரியும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2015 ஜூலை முதல் தமிழ்நாட்டில் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டது. அதன்பின் ஃபேரிங் ஸ்பீக்கரின் பாட்டு ஓட்டுபவரைவிடச் சாலையோரம் நின்றவருக்கே நன்றாகக் கேட்டது. குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் நாட்டில் உண்டு. பத்து மணிக்கு மேல் தெருவைக் கடக்கும் பாட்டு வண்டிக்காரர் எவரும் அதை நினைத்ததாகத் தெரியவில்லை. விரைவில் தலைக்கவசத்துக்குள்ளேயே புளூடூத் ஸ்பீக்கர் வந்தது. அதற்குத் தனி பேட்டரி உண்டு. வண்டியின் கம்பி எதையும் தொட வேண்டாம்.

காரிலும் கைவேலை சுருங்கியது. மறைமலைநகரில் உருவாகி 2013 ஜூனில் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட், குரலுக்குக் கட்டுப்படும் 'சிங்க்' அமைப்போடு வந்தது. அதன் பாட்டுக்கருவி டாஷ்போர்டின் உருவத்தோடே வார்த்தது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பழகிய அந்தச் செவ்வகத் திறப்பு அதில் இல்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகர் ஆலையிலிருந்து கடைசி ஈகோஸ்போர்ட் வெளியேறியது.

அதற்கு முந்தைய மாதம், கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே உருவாகும் ஓலா மின்சார ஸ்கூட்டரில், மென்பொருள் புதுப்பிப்பின் வழியாகப் பாட்டு கேட்கும் வசதி வந்தது. ஸ்பீக்கர் தொழிற்சாலையிலேயே உள்ளே இருந்தது. அதன் எஸ்1 ப்ரோ மாடலின் பேட்டரி ஏறத்தாழ 4 கிலோவாட்-மணி. ஸ்பிளெண்டரின் பேட்டரி 30 வாட்-மணி. நூற்று முப்பது மடங்குக்கும் மேல். அந்தக் கடலில் 10 வாட் பாட்டு ஒரு கைப்பிடி நீர். உரிமையாளர் வெட்டவோ முறுக்கவோ அங்கே கம்பி எதுவும் இல்லை. ஆனாலும் அந்த ஸ்கூட்டரிலும் உயர் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு பெட்டி உண்டு; விளக்குக்கும் ஹார்னுக்கும் அதிலிருந்து போவது பழைய 12 வோல்ட்தான்.